செம்பூராங்கல் நிலமும் கைக்கோடாரியும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தொன்மை என்றதும் சித்தன்னவாசல் ஓவியங்களும், அந்தக் குன்றின் ஏழடிப்பட்டத்தில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்தும், சுற்றுப்புறத்தில் சிதறிக் கிடக்கும் கல்வட்டங்களும், பொற்பனைக்கோட்டையும் நினைவுக்கு வரும். கல்வட்டங்கள் இரும்புக் காலத்து ஈமச்சின்னங்கள். அவற்றின் வயது சில ஆயிரம் ஆண்டுகள். இதே மாவட்டத்தில் திருமயம் வட்டத்தின் எல்லையை ஒட்டி, குருவிக்கொண்டான்பட்டி அருகே பழைய கற்கால இடம் ஒன்றும் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. தமிழகத்தில் அந்தக் காலம் 15 லட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகிறது. அத்தனை நீண்ட காலத்துக்கு, கல்லைத் தவிர வேறு சாட்சி ஏறக்குறைய இல்லை. மரமும் தோலும் மட்கிவிட்டன. செம்மண் நிலம் எலும்பையும் அரித்துவிடும். இந்தியா முழுவதிலும் அந்தத் தொல்காலத்து மனித எலும்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் முதன்மையானது, நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982-இல் அருண் சோனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதி.

வெறும் கல்லுக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை அடி விழுந்த தடம் காட்டிக்கொடுக்கும். கையில் பிடித்த சுத்தியல் கல்லால் மற்றொரு கல்லின் விளிம்பில் சரியான கோணத்தில் ஓங்கித் தட்டினால் ஒரு செதில் பெயர்ந்து விழும். அடிபட்ட இடத்துக்குக் கீழே செதிலின் உட்புறம் லேசாகப் புடைத்திருக்கும். அங்கிருந்து அலை அலையாக வரிகள் பரவும். மலையிலிருந்து உருண்ட கல்லும், வெயிலில் வெடித்த கல்லும் எப்போதாவது இப்படி உடையலாம். ஆனால் ஒரே கல்லின் இரு முகங்களிலும் வரிசையாகச் செதில்கள் எடுக்கப்பட்டு, விளிம்பு கூராகி, ஒரு முனை ஒடுங்கியிருந்தால் அது மனிதச் செயல். அதுதான் கைக்கோடாரி. நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைப்பவர் வாட்டம் பார்த்து அடிப்பதைப் போலவே, அன்றைய மனிதரும் எந்தக் கல் எப்படி உடையும் என்று அறிந்திருந்தார்கள்.

இந்தியாவில் இத்தகைய கருவி முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் படைப் பயிற்சித் திடலை ஒட்டிய செம்பூராங்கல் சரளைக் குழியில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அதைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. மனிதகுலம் மிகப் பழமையானது என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் கற்கருவிகளைக் கொண்டு ஏற்றுக்கொண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானமும் ஃபூட்டின் ஆய்வுக்கு உட்பட்டது: மதுரை மாவட்டம், புதுக்கோட்டை, தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் தென்பகுதிகள் ஆகியவற்றின் நிலவியல் குறித்து அவர் 1879-இல் எழுதியிருக்கிறார். பல்லாவரத்தில் அவர் கண்ட செம்பூராங்கல்லும் சரளையும் புதுக்கோட்டையின் நிலத்திலும் பரவியிருப்பவை. தொல்மனிதரின் தடம் தேடுவோருக்கு இந்த மாவட்டம் முக்கியமாவது அதனால்தான்.

கருவியைக் கண்டெடுப்பதைவிடக் கடினமானது அதன் வயதைச் சொல்வது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் 1999 முதல் நடத்திய அகழாய்வு இதில் பெரிய திருப்பம். பூமியின் காந்தப்புலம் சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை திசைமாறி இருந்தது. அடியிலிருந்த களிமண் அடுக்கில் அந்தப் பழைய திசையே பதிந்திருந்ததால், அங்கிருந்த கருவிகள் அதற்கும் முந்தியவை என்று தெரிந்தது. அடுத்த சோதனை கருவிகளின் மேலேயே நடந்தது. நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் குவார்ட்ஸ் கனிமத்தில், விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்னும் அணுக்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் இவை வெவ்வேறு வேகத்தில் குறையத் தொடங்கும். எஞ்சியுள்ள விகிதத்தை அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். கிடைத்த விடை சுமார் 15 லட்சம் ஆண்டுகள். 2011-இல் இது வெளியானபோது, இந்தியாவில் கைக்கோடாரிப் பண்பாடு குறித்து அதுவரை இருந்த கணக்குகள் பின்னோக்கி நகர்ந்தன.

அந்தக் கருவிகளைச் செய்த மனிதர் நம் இனத்தவர் அல்லர். நம் இனம் தோன்ற அதன் பிறகும் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இருந்தும் அவர்கள் செய்த கைக்கோடாரி வியப்பூட்டுகிறது. முழு வடிவமும் மனத்தில் இருந்தால் ஒழிய, இரு பக்கமும் ஒத்து வரும்படி கல்லைச் செதுக்க முடியாது. அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்கில், செதில்களைப் பெயர்த்தெடுக்கும் பெரிய மூலக்கற்கள் இல்லை. அப்படியென்றால் பெரிய செதில்களை வேறிடத்தில் பெயர்த்து, தேவையை முன்கூட்டியே எண்ணிச் சுமந்து வந்திருக்கிறார்கள். இந்தக் கைவேலையைப் பார்த்தும் பழகியும்தான் கற்க முடியும். எனவே கற்பிக்க ஒருவரும் கற்க ஒருவரும் இருந்திருக்க வேண்டும். இன்று கைக்கோடாரி செய்து பழகியவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, மொழியோடு தொடர்புடைய சில பகுதிகளும் அந்த வேலையில் இயங்குவது தெரியவந்தது. கல்லை வைத்துப் பேச்சின் பிறப்பைத் தேடும் ஆய்வுகளுக்கு இது அடிப்படையாகிறது.

அத்திரம்பாக்கத்தின் மேல் அடுக்குகளில் கதை மாறுகிறது. கனத்த கைக்கோடாரிகள் குறைந்து சிறு செதில் கருவிகள் பெருகுகின்றன. மூலக்கல்லை முதலில் வேண்டியவாறு செதுக்கித் தயார் செய்து, பிறகு ஒரே அடியில் நினைத்த வடிவச் செதிலைப் பெயர்க்கும் லெவல்லுவா முறை வருகிறது. ஏறக்குறைய 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த மாற்றம் தொடங்கிவிட்டது என்று 7,200-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகிறது. இந்த நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதரோடு சுமார் ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் இங்கே வந்தது என்ற கருத்தை அது அசைத்தது.

பின்னாளில் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் கிடைக்கும் விரல்நுனி அளவு நுண்கருவிகள் வந்தன. அவற்றுக்கும் பின்பு, திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியில் கிடைத்ததைப் போன்ற வழவழப்பான புதிய கற்காலக் கோடாரிகள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக் கிராமங்களில் மரத்தடியில் வைத்து இத்தகைய கோடாரிகளை வழிபடுகிறார்கள்.

கருவி கிடந்த அடுக்கு கலைந்துவிட்டால் அதன் சாட்சியத்தில் பாதி போய்விடும். அத்திரம்பாக்கத்தில் காந்தத் திசையைப் பதிந்து வைத்திருந்தது மண். கருவி புதைந்த காலத்தைக் காத்ததும் அந்த மண்தான். சரளைக்காகச் செம்மண் மேடுகளை இயந்திரத்தால் தோண்டும்போதும், தைலமரம் நட ஆழ உழும்போதும் கலைவது இந்த அடுக்குகளே. கலைந்த நிலத்தில் பொறுக்கிய கைக்கோடாரியின் காலத்தை வடிவ ஒப்புமையைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும். எனவே புதுக்கோட்டையின் செம்பூராங்கல் மேடுகளில் இருபுறமும் செதுக்கிய கல் ஒன்று கண்ணில் பட்டால், அதை எடுக்காமல் இருந்த இடத்திலேயே படமெடுத்து, 1910-இல் தொடங்கப்பட்ட, திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பதே சரியான வழி.