புளியங்கொட்டையும் எண்ணறிவும்

நூறு வரை ஒப்பிக்கும் குழந்தை, பத்துப் புளியங்கொட்டைகளை எண்ணித் தருகையில் தடுமாறுவதுண்டு. ஒப்பித்தல் வேறு, எண்ணறிதல் வேறு. மூன்றாம் வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எண்ணறிவு பெறவேண்டும் என்பது 2021-இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் நோக்கமாகும்.

இதற்குரிய கருவி வீட்டிலேயே உள்ளது. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழர் பல்லாங்குழி என வழங்குவதைத் தெலுங்கர் வாமன குண்டலு என்பர். 14 குழிகளில் ஐந்தைந்தாக இட்டால் 70 கொட்டைகள். ஒரு குழியை வழித்து, அடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இடுமுன், “கடைசிக் கொட்டை எங்கு விழும்?” எனக் கேட்கலாம். குழந்தை முதலில் ஊகிக்கும். பின் தானே இட்டுச் சரிபார்க்கும். ஆட்ட முடிவில் ஒருவரிடம் 38 இருப்பின், மற்றவரிடம் 32 இருத்தல் வேண்டும். கழித்தல் இவ்வாறு கைவரும்.

மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் கொட்டைகள் எட்டாதிருத்தல் நன்று. இவ்விளையாட்டின் பயனை ஆசிரியர்களும் ஊழியர்களும் பெற்றோருக்கு எடுத்துரைப்பாராக.