பனியில் ஓடி வந்த வாகனமும் எரியும் விளக்குகளும்

பிலிமத்தலாவையில் பனி என்றால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுப்ஹுத் தொழுகைக்குப் புறப்படும் வேளையில் கடுகண்ணாவைப் பக்கத்து மலையை மறைத்துக்கொண்டு நிற்கும் மூடுபனிதான். வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து பாதையில் உறைந்து கிடக்கும் பனியை நம் ஊர் கண்டதில்லை. ஆயினும் அந்தப் பனி செய்த வேலை கப்பலேறி நம் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது.

நம்மவர் வாங்கும் வாகனங்களில் பெரும் பகுதி ஜப்பானில் சில வருடங்கள் பாவிக்கப்பட்டு, பின்னர் ரீகண்டிஷன் என்ற பெயரில் இங்கு இறக்கப்பட்டவை. அவற்றுள் சில ஹொக்கைடோ, ஆஓமோரி, நீகாட்டா போன்ற கடும் பனி பெய்யும் பிரதேசங்களில் ஓடியவை. அங்கே குளிர்காலத்தில் பாதை வழுக்காதிருக்க உப்புத் தூவுகிறார்கள். உருகிய பனியோடு கலந்த அந்த உப்பு நீர் வாகனத்தின் அடிப்பாகமெங்கும் தெறித்து, இரும்பை மெல்ல மெல்ல அரிக்கிறது. மேலே பெயின்ட் கண்ணாடிபோல் பளபளக்கும். கீழே குனிந்து பார்த்தால்தான் துரு தெரியும்.

இது ஆண்களின் விஷயமாயிற்றே, குடும்பச் சஞ்சிகையில் எதற்கு என்று எவரும் கேட்க வேண்டாம். பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் ஏற்றிச் செல்பவர்கள் இன்று பல வீடுகளில் உம்மாமாரே. வாகனம் வாங்கும்போது காசு போதாமல் கழுத்திலிருந்து கழற்றப்படும் நகையும் அவர்களுடையதுதான்.

பனியில் ஓடும் வாகனத்தில் டேஷ்போட் விளக்குகள் எரிவதற்கு இரு வகைக் காரணங்கள் உண்டு. முதலாவது தற்காலிகமானது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை அறிவிக்கும் ஒரு சிறு சென்சர் இருக்கிறது. பனி அவ்விடத்தில் இறுகி அடைத்துக்கொண்டால் செய்தி சரியாகப் போய்ச் சேராது. ஏ.பி.எஸ். விளக்கும் வழுக்கலைத் தடுக்கும் அமைப்பின் விளக்கும் எரியும். குளிர் கூடினால் டயரின் காற்றழுத்தமும் குறையும். ஐந்தாறு பாகை குளிர்ந்தாலே ஏறத்தாழ ஒரு இறாத்தல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. அதற்கும் ஒரு விளக்கு உண்டு. டொரொண்டோவிலும் லண்டனிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன சங்கதி. பனியைத் தட்டிவிட்டு, காற்றுப் பிடித்து, சற்றுத் தூரம் ஓடினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும்.

இரண்டாவது வகைதான் நமக்கு வருவது. அந்தச் சென்சருக்கும் அதன் எதிரே சுற்றும் வளையத்துக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவுதான். உப்பினால் துரு பொங்கும்போது சென்சர் சிறிது மேலே தள்ளப்படுகிறது. செய்தி பலவீனமாகிறது. அங்கே எப்போதோ ஓடிய பனியின் கணக்கு இங்கே தவுலகல வீதியில் மஞ்சள் விளக்காக எரிகிறது. மழைக்கால மலைப்பாதைக்கு இது சிறிய குறையன்று. ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் வழமையான பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈரப் பாதையில் சடுதியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வாகனம் வழுக்கும். கடுகண்ணாவைக் கணவாயில் மாவனல்லைப் பக்கம் இறங்கியவர்களுக்கு அதன் பொருள் புரியும். அதோடு சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரியுமானால், ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால் அந்த வாகனத்தை ஓட்டவே கூடாது.

நிறங்களின் பாஷை

ஜப்பான் எழுத்து நமக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்த விளக்குகளின் சித்திரங்களும் நிறங்களும் உலகமெங்கும் ஏறக்குறைய ஒன்றே. சிவப்பு, உடனே பாதுகாப்பாக நிறுத்து என்கிறது. மஞ்சள், நாள் கடத்தாமல் கராஜுக்குக் கொண்டு போ என்கிறது. பச்சையும் நீலமும் வெறும் தகவல்கள். சிறிய வாகனங்கள் பலவற்றில் சூடு காட்டும் முள் கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் எரிவது எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்பதன் அடையாளம்; தானாக அணையும். அதே சித்திரம் சிவப்பில் வந்தால் எஞ்சின் கொதிக்கிறது. ஓரமாக்கி நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டாம். எண்ணெய்க் குவளையின் சித்திரம் சிவப்பில் எரிந்தால் ‘வீடு பக்கத்தில்தானே’ என்று ஓட்டிப் போகாதீர்கள். எஞ்சின் வீட்டுக்கு வந்து சேராது.

சில வாகனங்கள் ஸ்டார்ட் ஆனதும் ஒரு பெண் குரலில் ஜப்பானில் ஏதோ சொல்லும். பலர் அதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் அந்நாட்டு அதிவேகப் பாதைக் கட்டண அட்டை போடப்படவில்லை என்ற அறிவித்தல்தான். ‘ஸ்னோ’ என்று எழுதிய பொத்தானும் சில பழைய வாகனங்களில் உண்டு. சறுக்காமல் மெல்லப் புறப்படுவதற்காக அமைந்தது அது. நமக்கு அதனால் வேலை இல்லை.

அணைக்கப்பட்ட விளக்கு

எரியும் விளக்கைவிட எரிய விடாமல் செய்யப்பட்ட விளக்குத்தான் பயங்கரமானது. விற்பதற்கு முன் பல்பைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எயார்பேக் விளக்கின் வயரை வேறொரு விளக்கோடு இணைத்து, இரண்டும் சேர்ந்து அணையும்படி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்கேன் கருவியால் கோளாறுப் பதிவை அழித்துவிட்டால் சில நாட்களுக்கு டேஷ்போட் சுத்தமாக இருக்கும். பிறகு அந்த விளக்கு வாங்கியவரின் வீட்டில் எரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஒரு படி திருப்புங்கள். பொத்தான் உள்ள வாகனமாயின் பிரேக்கை மிதிக்காமல் இரு முறை அழுத்துங்கள். எஞ்சின், எண்ணெய், ஏ.பி.எஸ்., எயார்பேக் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். ஏ.பி.எஸ்ஸும் எயார்பேக்கும் சில விநாடிகளில், ஒவ்வொன்றும் தன் நேரத்தில் அணையும். ஏதாவது ஒன்று எரியவே இல்லையென்றால் அல்லது இரண்டு விளக்குகள் ஒட்டிப் பிறந்தவைபோல் ஒன்றாக அணைந்தால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். ஜப்பான் ஏலத் தாளையும் கேளுங்கள். அதிலுள்ள வாகனப் படத்தில் ‘எஸ்’ என்ற எழுத்துத் துருவையும் ‘சி’ என்ற எழுத்து அரிப்பையும் குறிக்கும். வாகனத்தை உயர்த்தி அடியைப் பார்க்க ஒரு மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவாகாது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொன்னதையும் நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது. மழை பெய்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காகவே கண்டிக்கப்பட்டார். பனியில் ஓடியது வாகனத்தின் குற்றமல்ல, விற்பவரின் குற்றமுமல்ல. துருவைக் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைப்பதும் பல்பைக் கழற்றுவதும்தான் குற்றம்.

“நல்லாப் பாத்து எடுங்க, பொறகு எனக்குப் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தெரிந்துகொண்டே மறைத்த குறைக்கு அந்த வார்த்தை ஷாஃபிஈ மத்ஹபில் பரிகாரமாகாது. அது மட்டுமல்ல, குறை இருப்பதை அறிந்த மூன்றாம் ஆளும் வாங்குபவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் பழுது பார்த்த மெக்கானிக்கும் தரகரும் தப்ப முடியாது. ஆறு மாதமாக அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வீட்டுப் பெண்ணும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நானா விற்கிறார், நான் ஏன் குறுக்கே பேச வேண்டும் என்று ஒதுங்குவது, வாங்க வந்த இன்னொரு சகோதரியின் பிள்ளைகளைப் பணயம் வைப்பதாகும்.

2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில், உள்ளூரில் இருந்தவையே நல்ல விலைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மகாவலி பெருகி, கம்பளை, பேராதனைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் நின்ற வாகனமும் பனியில் ஓடிய வாகனத்தைப் போன்றதே. நாள் சென்றுதான் வயர் இணைப்புகள் பச்சை பூத்து, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும்.

வாங்கிய பிறகு, முன்பே இருந்த குறை தெரிய வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கியாருல் ஐப் என்று அதற்குப் பெயர். ஆனால் அது தாமதத்தைப் பொறுக்காது. குறையை அறிந்த பின்னும் வாகனத்தைப் பாவித்துக்கொண்டே இருந்தால் அந்த உரிமை போய்விடும். மத்ரஸாவில் நாம் ஓதிக்கொடுக்கும் மின்ஹாஜில் இதற்கு ஒரு விலக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஓட்டியும் இழுத்தும் கொண்டு போக முடியாத முரட்டுப் பிராணியாயின், திருப்பிக் கொடுப்பதற்காக அதன் மீது ஏறிச் செல்லலாம். வாகனத்தையும் அவ்வாறே விற்றவரின் வாசலுக்கு ஓட்டிச் செல்லலாம் என்பது என் கருத்து. பிரேக் விளக்கு எரிந்தால் அதுவும் வேண்டாம். டெலிபோனில் அறிவித்து, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, வாகனத்தை வீட்டிலேயே நிறுத்தி வையுங்கள். மெக்கானிக் ஸ்கேன் செய்த தாளைக் கையில் வாங்கி, திகதியும் அவருடைய கையொப்பமும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.