சூரைச்செடியின் நிழலில் எழும் எண்ணங்கள்

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவிலும், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களிலும், நோயாளியின் உள்ளத்தில் சில எண்ணங்கள் அழையாமலே வந்து அமர்ந்துகொள்கின்றன. "நான் பிழைக்கப்போவதில்லை", "பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன்", "ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்பன அவற்றுட் சில. இவற்றைக் கேட்டதும் உடனிருப்போர், "விசுவாசம் உள்ளவர் இப்படிப் பேசலாமா?" என்று கடிந்துகொள்வது வழக்கம். அன்பினால் சொல்லப்படும் சொல்தான். ஆயினும் அதைக் கேட்ட நோயாளி அச்சத்தோடு குற்றவுணர்வையும் சுமக்கத் தொடங்குகிறார். மறுநாள் முதல் வாய் திறப்பதில்லை.

திருமறையோ அஞ்சியவர்களின் சொற்களை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது. முதலாம் இராஜாக்கள் நூலின் 19ஆம் அதிகாரத்தில் வரும் எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் ஒரு நாட்டையே எதிர்த்து நின்ற தீர்க்கதரிசி அவர். யேசபேல் அரசியின் கொலைமிரட்டல் வந்ததும் உயிருக்கு அஞ்சி ஓடினார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, தனியே வனாந்தரத்தில் ஒருநாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி வேண்டினார். தம் முன்னோரைவிடத் தாம் மேலானவர் அல்லர் என்பதே அவர் சொன்ன காரணம். சோர்ந்த மனம் தன்னைத்தானே இழித்துப் பேசும் பேச்சு அன்றும் இப்படித்தான் இருந்தது.

இதற்குத் தேவன் அளித்த முதல் மறுமொழி உறக்கமும் உணவும்! தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். உண்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் அவ்வாறே எழுப்பி உண்ணச் செய்தான். பயணம் நீண்டது என்று மட்டும் சொன்னான். கண்டிப்பு எதுவும் இல்லை. உறக்கமின்மையும் வலியும் பசியும் எண்ணங்களைக் கருமையாக்கும் என்பதை மருத்துவர் நன்கு அறிவர். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளாலும் மனநிலை மாறுவதுண்டு. ஆகவே வலிமருந்து கேட்பதையும் தூக்கம் வரவில்லை என்று செவிலியரிடம் சொல்வதையும் அவிசுவாசமாகக் கருத வேண்டியதில்லை.

பின்னர் ஓரேப் மலைக் குகையில், அங்கே அவருக்கு என்ன காரியம் என்று தேவன் வினவுகிறார். தாம் ஒருவரே மீந்திருப்பதாகவும், தம் உயிரையும் வாங்கத் தேடுவதாகவும் எலியா முறையிடுகிறார். காற்று, நிலநடுக்கம், நெருப்பு ஆகியவற்றுக்குப் பின் மெல்லிய சத்தம் உண்டாகிறது. மறுபடியும் அதே வினா. எலியாவிடமிருந்து அதே விடை. ஒரே புலம்பலை இரண்டு முறை பொறுமையோடு கேட்ட பிறகே திருத்தம் வருகிறது. இஸ்ரவேலில் இன்னும் 7000 பேர் மீந்திருக்கின்றனர். செய்யவேண்டிய பணி உண்டு. துணைக்கு எலிசாவும் உண்டு. எலியாவின் துயரம் உண்மையானது. "நான் ஒருவனே" என்ற கணக்கோ பிழையானது.

நம்முடைய எண்ணங்களையும் இவ்வாறே பிரித்துப் பார்க்கலாம். மனத்தை வாட்டும் எண்ணத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் மருத்துவர் சொன்னது எது, அச்சம் தானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று குறியுங்கள். "கட்டி இருக்கிறது" என்பது மருத்துவர் சொன்னது. "எல்லாம் முடிந்தது" என்பதை அவர் சொல்லவில்லை. இரண்டையும் உள்ளபடியே சத்தமாக ஜெபத்தில் சொல்லுங்கள். அழகிய சொற்கள் தேவையில்லை. 42ஆம் சங்கீதத்தின் ஆசிரியர் தம் ஆத்துமாவையே விளித்து, அதன் கலக்கத்துக்குக் காரணம் கேட்கிறார். எண்ணத்தைக் கேட்டுக்கொண்டே கிடப்பதற்கு மாறாக, அதனிடம் கேள்வி கேட்கும் முறை அது.

"நான் செய்த பாவத்தின் தண்டனையோ இது?" என்ற எண்ணம் நம் வீடுகளில் மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பார்க்க வருவோரே சிலவேளை அதற்கு நீர் ஊற்றிவிட்டுப் போகின்றனர். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் குறித்துச் சீடர்களும் இதையே கேட்டனர். அவரும் பாவம் செய்யவில்லை, அவருடைய பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு தெளிவாக மறுத்தார்.

"இனி நான் எதற்கும் உதவேன்" என்பதும் அத்தகைய எண்ணமே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். விசுவாசியான அவர், பிற்பாடு சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வேலூரில் மறுவாழ்வு மருத்துவப் பணி உருவாக முன்னின்றார். அவருடைய கால்கள் மீண்டும் நடக்கவில்லை.

உடனிருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு சொல். கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்ட இயேசு, தம்முடன் விழித்திருக்கும்படியே மூன்று சீடர்களைக் கேட்டுக்கொண்டார். அறிவுரை கேட்கவில்லை. நீங்களும் அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆனால், வாழவே விருப்பமில்லை என்று நோயாளி சொன்னால், அது எந்த நேரமாயினும் அவரைத் தனியே விடாமல் செவிலியரிடமோ மருத்துவரிடமோ உடனே தெரிவியுங்கள். போதகரையும் அழைக்கலாம், மருத்துவரை அழைத்த பிறகு.