கட்டுப் போடாத ஆபரேஷன்!

என் வயது 31. ஆறாம் வகுப்பில் மூக்கில் ஏறிய கண்ணாடி, போன மாசி மாதம் வரை இறங்கவில்லை. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்து பவர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, 'கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுப் போ' என்று அம்மா சொல்ல, நானும் அப்படியே போய், மாப்பிள்ளை என்று நினைத்துத் தரகருக்கு முதல் காபியைக் கொடுத்து விட்டேன். என்னவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

கண்ணாடி போட்டு அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தான் அந்த அவஸ்தை தெரியும். சோறு வடிக்கும் போது ஆவி வந்து மூடிக் கொள்ளும். வியர்வையில் வழுக்கி, குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்க்கும். ராத்திரி குழந்தை வீறிட்டு அழுதால், முதலில் தலைமாட்டில் கண்ணாடியைத் தேட வேண்டும். அப்புறம் தான் குழந்தையை! அதனால் தான், சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், லேசர் சிகிச்சை செய்து கொள்ள முடிவு செய்து, நெல்லையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

போனதும் செய்து விடவில்லை. அரை நாள் பரிசோதனை. கண்ணாடி பவர் ஒரு வருஷமாக மாறாமல் இருக்கிறதா, குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேனா, மாசமாக இருக்கிறேனா என்றெல்லாம் கேட்டனர். கர்ப்ப காலத்திலும், பால் கொடுக்கும் காலத்திலும் பவர் ஏறி இறங்குமாம். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணை, 'உனக்குக் கருவிழி மெலிசா இருக்கும்மா, இது வேண்டாம்' என்று திருப்பி அனுப்பி விட்டனர். அவள் அழுதாள். பணம் கட்டத் தயாராக வந்தவளை வேண்டாம் என்று சொன்னதிலேயே, எனக்கு அந்த டாக்டர் மேல் நம்பிக்கை வந்து விட்டது.

ஆபரேஷனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி கிடையாது, சொட்டு மருந்திலேயே கண் மரத்து விடும். கருவிழியின் மொத்தக் கனமே சுமார் அரை மில்லி மீட்டர் தானாம். பாலில் ஏடு எடுக்கிற மாதிரி, அதன் மேலாக ஒரு மெல்லிய ஏட்டை ஓரத்தில் ஒட்டியிருக்க விட்டுத் திறந்து, அடியில் லேசர் அடித்து, திரும்ப ஏட்டை மூடி விடுகின்றனர். தையலும் இல்லை. முடி பொசுங்கின மாதிரி ஒரு வாடை வந்தது; லேசர் அடித்தது, கண்ணுக்கு ஒரு நிமிஷம் கூட இருக்காது.

இதைக் கண்டுபிடித்த கதையை என் தம்பி சொன்னான். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் என்ற விஞ்ஞானி, அமெரிக்காவில் ஐ.பி.எம்., ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தாராம். 1981ல், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியை எடுத்துப் போய், எக்ஸைமர் லேசரை அதன் மேல் அடித்துப் பார்த்திருக்கிறார். சுற்றிலும் கருகாமல், கத்தியால் கீறியது போல் சுத்தமாக வெட்டியிருக்கிறது. அதில் துவங்கியது தான் இந்தக் கண் சிகிச்சையாம். அவருக்கு 2013ல் அமெரிக்க ஜனாதிபதி கையால் பதக்கம் கிடைத்தது. பழைய குழம்பை வீணாக்காமல் சுண்ட வைக்கும் நமக்கு, மிஞ்சின கறியில் இத்தனை விஷயம் இருப்பது தெரியாமல் போச்சே!

சரி, என் கதைக்கு வருகிறேன். அன்று முழுக்கக் கண்ணில் வெங்காயம் நறுக்கின எரிச்சல். மணலை அள்ளிப் போட்டது போல் உறுத்தல். மறுநாள் விடிந்ததும், லாட்ஜ் ஜன்னல் வழியே, எதிர்க் கடை போர்டை எழுத்துக் கூட்டாமல் வாசித்தேன். அழுகை வந்தது; அழலாமா, கூடாதா என்று தெரியாமல் அடக்கிக் கொண்டேன். டாக்டர் பார்த்து விட்டு, 'எல்லாம் நல்லா இருக்கு. ஆனா, ஏடு இப்ப சும்மா ஒட்டிக்கிட்டு தான் இருக்கு. கண்ணைக் கசக்கவே கூடாது. ஒரு வாரம் தண்ணி படக்கூடாது. புகை, தூசி பக்கம் போகாதீங்க. ராத்திரி இந்தப் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிட்டுப் படுங்க' என்று பலமுறை சொன்னார்.

ஊருக்கு வரும் வழியில், உப்பள வெளிச்சம் கறுப்புக் கண்ணாடியையும் மீறிக் கூசியது. வீட்டுக்குள் நுழைந்த என்னை, அத்தை மேலும் கீழும் பார்த்தார்.

'ஏளா, கட்டு எங்க?'

'கட்டெல்லாம் கிடையாது அத்தை.'

'கட்டும் இல்ல, தையலும் இல்ல... இதுக்குப் போயா ஒரு வாரம் சும்மா இருக்கச் சொல்லுதாக?'

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். பல வருஷங்களுக்கு முன், முகாமில் அவருக்குக் கண் புரை ஆபரேஷன் நடந்த போது, கண்ணில் கட்டுடன் வந்தார். அடுத்துப் பச்சைத் துணி மறைப்பு. பார்த்தவர்கள் எல்லாரும், 'உக்காரு, குனியாத' என்று தாங்கினர். நம் பக்கத்தில் கண் ஆபரேஷன் என்றாலே அப்படித் தான் பழக்கம். அந்தக் கண் புரை ஆபரேஷனை ஏழை பாழைகளுக்கு எட்ட வைத்த அரவிந்த் கண் மருத்துவமனையை 1976ல் மதுரையில், 11 படுக்கையுடன் துவக்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமி, எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து அயன்வடமலாபுரத்துக்காரர். கட்டு இருந்தால் தான் நோயாளி என்று நினைக்கிற வீட்டில், பளிச்சென்ற கண்ணுடன் வந்து நிற்கும் மருமகளை யார் உட்கார வைப்பர்?

எனக்கும் அறிவில்லை. கண் நன்றாகத் தெரிகிறதே என்ற மிதப்பில், இரண்டாம் நாளே அடுப்படிக்குப் போய் விட்டேன். நான்காம் நாள் சாயங்காலம், களத்தில் வத்தல் காய்ந்து கொண்டிருந்தது. எங்கள் கரிசலில் மாசி என்றால், எங்கு பார்த்தாலும் மிளகாய் வத்தல் தான். திடீரென்று மேகம் கூடி, காற்று வீச, 'நனைஞ்சிரும்... ஓடியா, ஓடியா' என்று அத்தை சத்தம் போட, நானும் ஓடிப் போய் தார்ப்பாயின் முனையைப் பிடித்தேன். காற்றில் தூசியும், நெடியும் முகத்தில் அடிக்க, என்னை அறியாமல் முழங்கையால் வலது கண்ணைத் தேய்த்து விட்டேன்.

அவ்வளவு தான். தண்ணீராகக் கொட்டியது, ஈரக் கண்ணாடி வழியே பார்ப்பது போல், எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. அத்தை செம்பில் தண்ணீரோடு வந்தார். நல்ல வேளை, வேண்டாம் என்று தடுத்தேன். ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த நம்பருக்கு என்னவர் போன் செய்ய, 'கழுவாதீங்க, அமுக்காதீங்க. மூடியை ஒட்டிட்டு உடனே கிளம்பி வாங்க' என்றனர். வாடகைக் கார் பிடித்து ராத்திரியே போனோம். வழியெல்லாம், 'இருந்த கண்ணையும் ஆசைப்பட்டுக் கெடுத்துக்கிட்டியே' என்று எனக்குள் ஒரே குடைச்சல்.

ஏடு லேசாக நகர்ந்து, சுருங்கி இருந்ததாம். திறந்து, கழுவி, நீவி விட்டுச் சரியாக உட்கார வைத்து, மேலே கட்டுக்குப் பதிலாக ஒரு மெல்லிய லென்ஸ் வைத்தனர். 'நாலு நாள் கழிச்சு வந்திருந்தா, சுருக்கம் அப்படியே படிஞ்சு போயிருக்கும்' என்றார் டாக்டர். பார்வை பழையபடி தெளிய பத்து நாளானது.

அன்று முதல் அத்தை ஆளே மாறி விட்டார். வத்தல் மூட்டை, அடுத்த தெரு கொழுந்தனார் வீட்டுக்குப் போனது. சொட்டு மருந்துப் பாட்டில்கள் இரண்டும் ஒரே மாதிரி இருக்கவே, குலுக்கி விட வேண்டிய பாட்டிலில் சிவப்பு நூலைக் கட்டி வைத்து, மணி பார்த்து அவரே ஊற்றினார். தலைக்குக் குளிக்க அனுமதி கிடைத்ததும், என்னை மல்லாக்கச் சாய வைத்து, முகத்தில் ஒரு சொட்டு படாமல் தண்ணீர் ஊற்றியதும் அவர் தான். என் நான்கு வயது மகள் தூக்கத்தில் கையை வீசுவாள் என்று, அவளைத் தன்னோடு படுக்க வைத்துக் கொண்டார். அவள் 'அம்மா, அம்மா' என்று அழுத இரண்டு ராத்திரிகளும் தான், ஆபரேஷனை விட எனக்கு வலித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்வை ஒரே நாளில் வந்து விட்டாலும், கண் ஆற மாதக் கணக்காகிறது. ஏடு எடுக்கும் போது, கண்ணீரைத் தூண்டும் நரம்புகளும் அறுபடுவதால், கண் காய்ந்து போகும். எங்கள் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் ஆனால் திகுதிகு என்று எரியும். கண்ணீருக்குப் பதிலான சொட்டு மருந்தை ஆறு மாதம் விடாமல் ஊற்றினேன். ராத்திரி லாரி விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்ததும், மெல்ல மெல்லக் குறைந்தது. கண்ணைக் கசக்கும் பழக்கத்தை ஆயுசுக்கும் விட்டு விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தால், வாசிக்கக் கண்ணாடி போட்டுத் தான் ஆக வேண்டும். அதற்கும், இதற்கும் சம்பந்தமில்லையாம்.

இப்போது என் நாத்தனார் மகளும் இதே சிகிச்சைக்குத் தயாராகிறாள். போன வாரம் போனில் அத்தை அவளிடம், 'ஐப்பசியில வா தாயி... மழை பெஞ்சு தூசி அடங்கியிருக்கும். ஒரு மாசம் எங்கூட இருந்துட்டுப் போ. மாசியில மட்டும் வேண்டாம், வத்தக் காலம்' என்று சொல்லிக் கொண்டிருந்தார். சிவப்பு நூலைக் கூட எடுத்து வைத்து விட்டார்!

— ஒரு வாசகி, ஓட்டப்பிடாரம்.