மறுத்துச் சொல்ல ஆளில்லாத சபை

2022ஆம் ஆண்டு ஒரு நாள், கடைக்குப் போய் வந்த வாப்பா, "கோதுமை மாவின் விலை மறுபடியும் ஏறிவிட்டது. உக்ரேன் போரும் ஒரு காரணமாம்" என்றார். எங்கோ நடக்கும் போருக்கும் எங்கள் வீட்டுப் பாணுக்கும் என்ன தொடர்பு என்று நான் வியந்தேன். எமது நாட்டின் பொருளாதார நெருக்கடியுடன், ரஷ்யாவும் உக்ரேனும் உலகுக்குப் பெருமளவில் கோதுமை வழங்கும் நாடுகள் என்பதும் பின்னரே விளங்கியது. அந்தப் போர் எப்படி வந்தது என்று தேடியபோது, எதேச்சதிகாரம் என்ற சொல்லின் பொருளும் புரிந்தது.

ஒருவரின் விருப்பமே சட்டமாவதும், அதைத் தட்டிக்கேட்கும் வலிமையைப் பாராளுமன்றமும் நீதிமன்றமும் பத்திரிகையும் இழப்பதுமே எதேச்சதிகாரம். அது ஒரே நாளில் வருவதில்லை. ஜனாதிபதி விளாடிமிர் புட்டின் 2036 வரை பதவியில் நீடிக்க வழிசெய்யும் வகையில் ரஷ்ய அரசியலமைப்பு 2020இல் திருத்தப்பட்டது. ஸ்டாலின் கால அடக்குமுறைக்குப் பலியானோரின் விவரங்களைத் திரட்டி வந்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்குமாறு 2021 டிசம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது.

அடுத்த பெப்ரவரி 21ஆம் திகதி, ரஷ்யப் பாதுகாப்புச் சபைக் கூட்டம் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. கிழக்கு உக்ரேனின் இரு பகுதிகளைத் தனி நாடுகளாக ஏற்பது பற்றிப் புட்டின் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவரே பதில் சொல்லத் தடுமாறினார். தெளிவாகப் பேசும்படி புட்டின் அவரைக் கண்டித்தார். ஒருவர்கூட நேரடியாக மறுக்கவில்லை. மூன்றாம் நாள் படையெடுப்பு தொடங்கியது. இராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்ற சட்டம் மார்ச் மாதமே வந்தது.

ஜனநாயக நாடுகள் போர் தொடுப்பதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தொடுத்திருக்கின்றன. 2003இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக் மீது படையெடுத்தன. ஆயினும் இலண்டன் வீதிகளில் இலட்சக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தனர்; பிரித்தானிய அமைச்சர் ரொபின் குக் பதவி துறந்தார். அந்தக் குரல்கள் போரைத் தடுக்கவில்லை என்பது வேதனையே. எனினும் தவறைத் தவறென்று பதிவுசெய்ய அங்கே இடமிருந்தது. அந்த இடமும் இல்லாத நாட்டில், ஒருவரின் தவறான கணிப்பைத் திருத்த எவருமில்லை. அதன் விலையை அயல்நாட்டு மக்கள் உயிராலும், தூரத்து ஏழைகள் பசியாலும் செலுத்துகிறார்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அதட்டி அமர்த்தாதீர்கள். தோழியரே, மரியாதையோடு மறுத்துப் பேச இப்போதே பழகுவோம். நாளை நாமும் ஏதேனும் ஒரு சபையில் அமரக்கூடும்.