செயல்திட்டக் குழுவில் நம் பிள்ளைக்கு என்ன வேலை?

பட்டம் வாங்கிய கையோடு வேலை கேட்டுப் போனால், மதிப்பெண் பட்டியலைப் பார்த்த பிறகு வருகிற கேள்வி ஒன்றுதான்: "உனக்கு என்ன செய்யத் தெரியும்?" முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய சேரிப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கணினி, ஆங்கிலப் பேச்சு, நேர்காணல் பயிற்சி எல்லாமே காசு கட்டிப் படிக்கிற சரக்காக இருந்தன. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அந்தக் காசு ஏது?

2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இந்தச் சுவரில் ஒரு வாசல் வைத்தது. ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி தருவது அதன் இலக்கு. கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே பயிற்சி வருகிறது. தனிக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. பேருந்துச் செலவுக்காவது ஆகும்.

செய்து பார்த்துக் கற்பது நம் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. 1985-ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆட்டையும் மாட்டையும் கோழியையும் கையால் தொட்டுப் பார்க்காமல் பட்டம் இல்லை. படிப்பின் கடைசி ஓராண்டு முழுக்க உள்ளிருப்புப் பயிற்சிதான்.

கலைக் கல்லூரிகளிலும் இதைச் செய்யலாம். சேலத்து ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டி, நாமக்கல் லாரி, கோழிப்பண்ணை என்று கண்ணெதிரே எத்தனை பாடங்கள்! வணிகவியல் மாணவர் கிழங்கு விலைக்கும் ஜவ்வரிசி விலைக்கும் நடுவே உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வரலாறு படிப்பவர் ஆலைத் தொழிலாளர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யலாம். தமிழ் மாணவர் பட்டறைச் சொற்களைத் தொகுக்கலாம். இந்தத் தொழில்களில் உழைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு, வீட்டில் தெரிந்ததே வகுப்பில் அறிவாக மாறும்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட செயல்திட்டக் குழுவில் நம் பிள்ளைக்கு என்ன வேலை தருகிறார்கள்? பொருள் தூக்கவும் பதாகை கட்டவும் ஒருவர், மேடையில் பேச இன்னொருவர் என்று பிரிந்தால், ஊரில் இருக்கிற சாதிப் பிரிவினைதான் வகுப்பறைக்குள்ளும் வந்து உட்காரும். 2022 ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது என்று நான்கு பெயர்களைக் கொடுத்துக் கேட்டிருந்தார்கள். கண்டனம் எழுந்தது, உயர்கல்வித் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. வினாத்தாளிலேயே சாதி நுழையும் என்றால், குழுப் பிரிப்பில் நுழையாது என்று எப்படி நம்புவது?

அண்ணல் அம்பேத்கர் 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அங்கே மாணவர்கள் தங்களுக்கென ஒரு நாடாளுமன்றம் நடத்தினார்கள். நாட்டின் சட்ட அமைச்சராக இருந்த அவர், 1950-ல் அந்த மாணவர் மன்றத்தில் இந்து சட்ட மசோதா பற்றிப் பேசினார். எழுந்து நின்று வாதாடுவதும் அவருக்குக் கல்விதான்.

எனவே கல்லூரிகள் செய்ய வேண்டியவை மூன்று. குழுவில் பேசுகிற, எழுதுகிற, கணக்குப் பார்க்கிற பொறுப்புகள் எல்லோருக்கும் சுழற்சி முறையில் வர வேண்டும். களப்பணிக்குப் போகிற செலவைக் கல்லூரியே ஏற்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில், இரவில் உட்கார்ந்து பயிற்சியை முடிக்கக் கணினியும் இணையமும் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்: அடுத்த முறை குழு பிரிக்கும்போது, "அறிக்கையை நான் வாசிக்கிறேன்" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.