இடுப்பு மூட்டு மாற்றியபின் நடை பழகுதல்

1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் ரண வைத்தியர் செம்மைப்படுத்திய இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை இன்று நம் நாட்டிலும் பரவலாக நடைபெறுகின்றது. புதிய மூட்டு பெரும்பாலோருக்கு ஓரிரு நாட்களிலேயே உடற்பாரத்தைத் தாங்கும். எனினும் நடை சாய்வது ஏன்? பல்லாண்டு வலியால் மெலிந்த இடுப்புத் தசைகள் உரம்பெறச் சில மாதங்கள் ஆகும்.

ஆகவே கைத்தடியை மாற்றிய மூட்டுக்கு எதிர்ப்புறக் கையிலேயே ஊன்றுதல் வேண்டும். வலித்த பக்கத்திலேயே ஊன்றுவோர் பலர், அது தவறு. எதிர்க்கைத் தடியே அத்தசைகளின் சுமையைக் குறைக்கும். வெட்கத்தால் தடியை முன்னதாக எறிந்துவிடின் சாய்வே பழக்கமாகிவிடும். படியேறுகையில் நல்ல கால் முன்னே. இறங்குகையில் மாற்றிய கால் முன்னே.

குழித்தறியில் இறங்குவதும், நாற்று நடக் குனிவதும், சப்பணமிடுவதும் மூட்டு நழுவ இடந்தரக்கூடும். கூலி குறையுமே என்ற கவலை நியாயமே. வைத்தியர் இசையும்வரை, இராட்டையை மேசைமீது வைத்து, உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து தார் சுற்றலாம்.